இரண்டு முறை காசநோய் மருந்து எடுத்த பீங்கான் தொழிலாளி: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் நினைவுக்கு வரும். சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அதோடு பீங்கான் தொழிற்பேட்டையும் வரும். நெய்வேலி பக்கத்தில் இருப்பதால் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் ஊரிலேயே இருக்கிறது. பியூஸ் கேரியர், அகல் விளக்கு, கொலு பொம்மை, பிள்ளையார் என்று வீடுகளுக்குப் போகும் பல பொருள்கள் இங்குள்ள சின்னச் சின்னப் பட்டறைகளில் உருவாகின்றன.

இந்த ஆய்வு அப்படி ஒரு பட்டறையில் வேலை செய்து, சிலிக்கா தூசியால் நுரையீரல் தழும்பாகும் சிலிக்கோசிஸ் என்ற நோய் வந்த 46 வயது ஆணைப் பற்றியது. நான் கடலூரில் தொழில்நல மருத்துவம் பார்க்கிறேன். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இருபது வயதில் ஒரு பட்டறையில் சேர்ந்தவர், 11 ஆண்டு கழித்து அது மூடப்பட்டதும் இரண்டாவது பட்டறைக்கு மாறினார். இரண்டு இடத்திலும் ஒரே வேலை: குவார்ட்ஸ், பெல்ஸ்பார், சைனா கிளே மூன்றையும் மூட்டையிலிருந்து எடுத்து, எடை போட்டு, பால் மில் (ball mill) என்ற அரைக்கும் இயந்திரத்தில் கொட்டுவது. குவார்ட்ஸ் என்பது நம் ஊர் வெங்கச்சங்கல்தான், மாவாக அரைத்து மூட்டையில் வரும். பீங்கான் கலவையில் பொதுவாகக் களிமண் பாதி, பெல்ஸ்பார் கால், குவார்ட்ஸ் கால் என்ற கணக்கு. அந்தக் கால் பங்கு ஏறக்குறைய முழுக்கவே படிக சிலிக்கா. மனைவியும் இரண்டாவது பட்டறையில், காய்ந்த பொம்மைகளுக்குப் பிசிறு எடுக்கும் வேலையில் இருந்தார்.

2017-இல் இருமலும் எடைக்குறைவும் வந்தபோது எக்ஸ்-ரேயில் நுரையீரல் முழுவதும் புள்ளி புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. சளியில் கிருமி இல்லை. படத்தை வைத்துக் காசநோய் என்று முடிவு செய்து 6 மாதம் மருந்து கொடுத்தார்கள். இருமல் கொஞ்சம் குறைந்தது, மூச்சு வாங்குவது குறையவில்லை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு மூச்சுத்திணறல் கூடியது. முதலில் கொரோனாவின் பின்விளைவு என்றார்கள். பிறகு வேறோர் இடத்தில் காசநோய் திரும்பிவிட்டது என்று மறுபடி 6 மாதம். இந்த முறை இடையில் மஞ்சள் காமாலை வந்து மருந்தை நிறுத்தி, திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது.

காசநோய் இவ்வளவு பரவலாக உள்ள நாட்டில் அந்த மருத்துவர்கள் அப்படி நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டு இடத்துச் சீட்டிலும் தொழில் என்ற கட்டத்தில் "கூலி" என்று மட்டுமே இருந்தது.

## முதல் சந்திப்பு: 2022 ஜனவரி

பொங்கல் முடிந்த வாரத்தில் வந்தார். தட்டையான தரையில் நடக்க முடிகிறது, படி ஏறினால் பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை. 44 கிலோ. முன்பு பீடி பிடித்திருக்கிறார், 2017-க்குப் பிறகு விட்டுவிட்டார்.

என்ன வேலை என்று கேட்டேன். "பொம்மை கம்பெனிங்க சார்" என்றார். அதில் என்ன வேலை? "மாவு கொட்டுறதுங்க." எந்த மாவு, எப்படிக் கொட்டுவீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை, காலி மூட்டையை என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கத்தான் படம் தெளிவானது. காலி மூட்டையை உதறி, நாலாக மடித்து, அக்குளில் வைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றுவாராம். அப்படி மடித்தால்தான் கட்டாகக் கட்டித் திரும்ப விற்க முடியும். அழுத்தும்போது அந்தக் காற்று எங்கே வருகிறது என்று கேட்டதற்கு, கையை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

பழைய படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். அவர் மனைவி ஒரு துணிக்கடைப் பையை நீட்டினார். 2017 படம், 2021 படம் இரண்டும் உள்ளே பத்திரமாக இருந்தன. புதிதாக ஒன்று எடுத்து மூன்றையும் வெளிச்சப் பெட்டியில் வரிசையாக மாட்டினோம். நோய் அங்கேயே பிடிபட்டது. மூன்றிலும் அதே வட்டப் புள்ளிகள், இரண்டு பக்கமும் சமமாக, மேல் பகுதியில் அடர்த்தியாக. காசநோயாக இருந்தால் மருந்துக்குப் பிறகு படத்தில் ஏதாவது மாறியிருக்க வேண்டும், ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருப்பதுதான் வழக்கம். இங்கே 12 மாத மருந்துக்கும் ஒரு புள்ளிகூட அசையவில்லை. கூடியிருந்தது, அவ்வளவுதான். புதிய படத்தில் நுரையீரல் வேர்ப்பகுதி நிணநீர்க் கணுக்களைச் சுற்றி முட்டை ஓடு போல மெல்லிய சுண்ணாம்புக் கோடும் தெரிந்தது. அது சிலிக்கோசிஸில் காணப்படும் அடையாளம்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் எக்ஸ்-ரே வகைப்பாட்டின்படி படத்தை 2/2, அதாவது 0 முதல் 3 வரையான புள்ளி அடர்த்தி அளவில் இரண்டாம் நிலை, என்று படித்தோம். வலது மேல் பகுதியில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய நிழலாகத் திரளத் தொடங்கியிருந்தன. ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சு ஊதும் சோதனையில் நுரையீரலின் கொள்ளளவு குறைந்திருந்தது.

சிலிக்கோசிஸ் எப்படி வருகிறது என்பதை அவர்கள் இருவருக்கும் படம் வரைந்து சொன்னேன். கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். 5 மைக்ரானுக்குக் கீழே உள்ளது காற்றறை வரை போகும். அங்கே அதை விழுங்க வரும் செல்களை அது கொல்கிறது. அவை சாகும்போது வெளிவிடும் பொருள்களால் அந்த இடம் தழும்பாகிறது. செத்த செல்லிலிருந்து வெளியே வந்த துகளை அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். அதனால்தான் வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரக்கூடும். ஆறவைக்க மருந்து கிடையாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாதவர், "அப்ப நான் சாப்புட்ட மாத்திர எல்லாம்?" என்று கேட்டார்.

## முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: மூன்றாவது முறை காசநோய் மருந்தைத் தொடங்கவில்லை, காசநோய் இல்லை என்று கை கழுவவும் இல்லை. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஆகவே சளியை இரண்டு முறை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பினோம். கல்ச்சர் முடிவுக்கு 6 வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் ரத்தம் ஏதாவது வந்தால் உடனே வரச் சொன்னோம். எல்லா முடிவும் கிருமி இல்லை என்றே வந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் சி.டி. எடுத்து, நுரையீரல் மருத்துவர்களும் சிலிக்கோசிஸ் என்று உறுதி செய்தார்கள்.

இரண்டாவது முடிவு கடினமானது. தூசியிலிருந்து விலக வேண்டும் என்று சொல்வது எளிது. சனிக்கிழமை கூலி நின்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? மகள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். கணவனும் மனைவியும் ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறார்கள், ஒருவர் வாய் திறந்தால் இருவர் வேலையும் போகும் என்ற பயம் இருந்தது. "நாங்க சொன்னோம்னு மட்டும் தெரியக்கூடாதுங்க" என்றார் மனைவி. அந்தச் சம்மதம் இல்லாமல் நான் பட்டறைக்குப் போயிருக்க முடியாது, போயிருக்கவும் கூடாது.

அதனால் அவரைத் தனியாகக் காட்டாத வழி ஒன்றைத் தேர்ந்தோம். அந்தப் பட்டறையையும் பக்கத்தில் இருந்த இரண்டு பட்டறைகளையும் சேர்த்து, எல்லோருக்கும் எக்ஸ்-ரேயும் ஸ்பைரோமெட்ரியும் எடுக்கும் ஒரு மருத்துவ முகாம் என்று முதலாளிகளிடம் கேட்டோம். முகாமோடு வேலை நடக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஒரே நிபந்தனை. ஒரு பட்டறை மறுத்துவிட்டது. இவருடைய முதலாளி ஒப்புக்கொண்டார்.

## பட்டறையில் பார்த்தது

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு பக்கம் திறப்பு, காற்றோட்டம் மோசமில்லை. பால் மில் ஓடும்போது தூசி இல்லை, ஏனென்றால் உள்ளே தண்ணீரோடுதான் அரைபடுகிறது. தூசி முழுவதும் அதற்கு முந்தைய வேலைகளில். மூட்டையை வெட்டிக் கொட்டும்போது ஒரு மேகம், எடை போடும்போது ஒன்று, உதறி மடிக்கும்போது எல்லாவற்றையும்விடப் பெரியது. மாலையில் துடைப்பத்தால் கூட்டும்போது காலையிலிருந்து படிந்தது அத்தனையும் மறுபடி எழும்புகிறது. முகத்தில் கட்டியிருந்தது கைக்குட்டை. அது சுவாசத்தில் உள்ளே போகும் நுண்துகளைத் தடுக்காது.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்ப்பதற்கு அமைதியாக இருந்தது. மோல்டிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மையை மடியில் வைத்து, இணைப்புக் கோட்டைக் கத்தியால் சுரண்டி, எமரி தாளால் தேய்த்து, கண்ணும் மூக்கும் உள்ள இடுக்கில் சேர்ந்த பொடியை வாயால் ஊதுகிறார்கள். பொம்மை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. ஊதிய பொடி பொம்மையில் பட்டு ஊதியவர் முகத்துக்கே திரும்புகிறது. நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் ஒருவர் கையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் பொம்மைகள் போகும். மாவு கொட்டுவது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த ஊதலை ஆபத்து என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

பதிவேட்டில் 9 பேர். எக்ஸ்-ரேயில் மூன்று பேருக்குச் சிலிக்கோசிஸ்: இவர், மில்லில் இவருக்கு உதவியாக இருந்த ஒருவர், இவர் மனைவி. மனைவிக்கு 41 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை, படம் 1/1. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தொந்தரவு தெரிவதற்குப் பல ஆண்டு முன்பே படத்தில் தெரியும் என்பதுதான் இந்த நோயில் எக்ஸ்-ரேக்கு உள்ள பயன்.

9 என்ற எண்ணுக்கு இன்னொரு பொருள் உண்டு. அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. சிலிக்கோசிஸ் அந்தச் சட்டத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. காற்றில் எவ்வளவு தூசி இருக்கலாம் என்ற வரம்பும் அதில் இருந்தது, தூய குவார்ட்ஸ் நுண்தூசி என்றால் கணக்குப்படி ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 0.1 மில்லிகிராம். 9 பேர் உள்ள இடத்தில் இவை பொதுவாகச் செல்லவில்லை. இ.எஸ்.ஐ. காப்பீடும் அங்கே இல்லை. நுரையீரல் ஆள் கணக்குப் பார்ப்பதில்லை, சட்டம் பார்க்கிறது. சட்டக் கடமை இல்லாவிட்டாலும், தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு மூன்று பேரின் நிலையையும் எழுத்தில் தெரிவித்தேன்.

## பட்டறையில் நடந்த மாற்றம்

காற்றில் தூசியை அளந்துவிட்டுத் தொடங்குவதா, உடனே தொடங்குவதா என்ற கேள்வி வந்தது. அளப்பதற்குத் தொழிலாளியின் சட்டையில் சிறு பம்பு மாட்டி, வேலை நேரம் முழுவதும் வடிதாளில் தூசியைச் சேர்த்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். செலவும் நாளும் ஆகும். தூசி எங்கிருந்து கிளம்புகிறது என்பதில் சந்தேகமே இல்லாததால் உடனே தொடங்கினோம்.

முதலாளி கெட்டவர் அல்ல. அப்பா காலத்துப் பட்டறை, கடனில் ஓடுகிறது. அவரும் அதே கூரையின் கீழ்தான் நாள் முழுக்க இருக்கிறார். அவருடைய எக்ஸ்-ரேயை அவரிடமே காட்டிப் பேசியது உதவியது. அதில் நோய் இல்லை, ஆனால் அன்று முதல் காது கொடுத்துக் கேட்டார்.

காசு கேட்காத மாற்றங்கள் முதல் வாரத்திலேயே வந்தன. மூட்டையை வெட்டும் முன் தண்ணீர் தெளிப்பது, மூட்டையின் வாயை மில்லின் வாய்க்குள் இறக்கிக் கொட்டுவது, காலி மூட்டையை உதறாமல் நனைத்துப் போடுவது. தரையைக் கூட்டாமல் கழுவிவிடுவது. பிசிறு எடுப்பதை முழுவதும் காய்வதற்கு முன், ஈரப்பதத்தோடு இருக்கும்போதே செய்து, பொடியை ஊதாமல் ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது. கடைசி மாற்றத்துக்கு எதிர்ப்பு பெண்களிடமிருந்தே வந்தது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு வேகம் குறைந்தால் வருமானம் குறையும். முதலாளி துண்டுக் கூலியைக் கொஞ்சம் கூட்டிய பிறகுதான் ஸ்பாஞ்சு நிலைத்தது. கூலிக் கணக்கைத் தொடாமல் தூசியைக் குறைக்க முடியாது என்பதை அங்கேதான் பார்த்தோம்.

மில் வாயில் உறிஞ்சும் விசிறி பொருத்த எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை மில்லில் கொட்டும் வேலைக்கு என்95 முகக்கவசம், தாடி இல்லாத முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுத்தோம். கவசம் கடைசி வழி என்பதை முதலாளியிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர் அதோடு முடித்துக்கொள்ள விரும்பினார்.

நோயாளியைப் பின்கட்டில் இருந்த வண்ணம் தீட்டும் பகுதிக்கு, அதே கூலியில் மாற்றினார்கள். முதலில் பேக்கிங்கில் போடுவதாகச் சொன்னார்கள். பேக்கிங்கில் வைக்கோல் தூசி என்பதால் வேண்டாம் என்றோம்.

## இழப்பீட்டு மனு

அப்போது நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டு பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கு 10 பேர் என்ற வரம்பு இருக்கவில்லை. அதன் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ் தொழில்நோயாக இருந்தது, சிலிக்கோசிஸோடு வரும் காசநோயும் சேர்த்து. ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் பொறுப்பைப் பங்கிடவும் அதில் வழி இருந்தது. 2022 இறுதியில், தொழிலாளர் சங்கம் ஒன்றின் உதவியோடு மனு போட்டார்.

சிக்கல் சான்றில். நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. முதல் பட்டறை மூடி, முதலாளியும் இறந்துவிட்டார். 25 ஆண்டு வேலையை எப்படிக் காட்டுவது? கைகொடுத்தவை ஆயுத பூஜைப் படங்கள். ஒவ்வோர் ஆண்டும் மில்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எல்லோரும் முன்னால் நின்று எடுத்த படங்கள் வீட்டில் இருந்தன. பலவற்றில் ஸ்டூடியோவின் தேதி முத்திரை. அவற்றோடு உடன் வேலை செய்தவர்கள் நான்கு பேரின் உறுதிமொழிப் பத்திரங்களும் சேர்ந்தன.

எதிர்த்தரப்பு வாதம் இரண்டு: பீடி பிடித்தார், ஏற்கெனவே காசநோய் உள்ளவர். பீடி நுரையீரலைக் கெடுக்கும், ஆனால் மேல் பகுதியில் சமமாகப் பரவும் வட்டப் புள்ளிகளையும் சுண்ணாம்புக் கோட்டையும் அது உண்டாக்காது. 2017 படமும் 2022 படமும் பக்கத்தில் பக்கத்தில் மருத்துவ வாரியத்தின் முன் வைக்கப்பட்டன. வாரியம் சிலிக்கோசிஸ் என்று உறுதி செய்து, சம்பாதிக்கும் திறனில் 40 விழுக்காடு இழப்பு என்று மதிப்பிட்டது. மாதக் கூலியில் 60 விழுக்காடு, வயதுக்கான காரணி, இழப்பு விழுக்காடு மூன்றையும் பெருக்கி வந்த தொகை நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். 2024-இல் ஆணை வந்தது. முதலாளி இரண்டு தவணையில் கட்டினார்.

## உண்மையான காசநோய்: 2023 நவம்பர்

மனு நடந்துகொண்டிருந்தபோதே, மழைக்காலத்தில், மாலைக் காய்ச்சலும் சளியில் ரத்தமும் வந்தன. ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால் மூன்றாம் நாளே வந்துவிட்டார். சிபிநாட்டில் காசநோய்க் கிருமி இருந்தது, ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்துக்குக் கட்டுப்படும் வகை. 2022-இல் அதே நுரையீரலில் கிருமி இல்லை என்ற கல்ச்சர் முடிவு கையில் இருந்ததால், இது புதிதாக வந்தது என்று தெளிவாகச் சொல்ல முடிந்தது. அரசுத் திட்டத்தில் பதிவு செய்து, மருந்து தொடங்கி, ஈரலை அடிக்கடி பரிசோதித்தோம். சிலிக்கோசிஸ் உள்ளவர்களிடம் 6 மாதம் போதாமல் நோய் திரும்புவதுண்டு என்பதால் 9 மாதம் கொடுத்தோம். 2024 ஆகஸ்டில் முடிந்தது. சளி சுத்தமானது, எடை 47 கிலோ. மூச்சுத் திறன் மட்டும் முன்பைவிட ஒரு படி கீழே இறங்கிவிட்டது, அது திரும்பாது.

தேசியக் காசநோய்த் திட்டத்தின் 2021 வழிகாட்டுதலில் தடுப்பு மருந்துக்குரியவர்கள் பட்டியலில் சிலிக்கோசிஸ் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவருக்குக் கிருமி உறுதியானதும் மனைவியையும் உதவியாளரையும் மறுபடி பரிசோதித்து, நோய் இல்லை, தொற்று உண்டு என்று தெரிந்தபின் இருவருக்கும் ஐசோனியசிட் 6 மாதம் கொடுத்தோம்.

## அடுத்த முறை மாற வேண்டியவை

தடுப்பு மருந்து அந்த இருவருக்கும் 2022-லேயே, படம் வந்த மாதத்திலேயே தொடங்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்த பட்டறையில் அந்த வரிசையில்தான் செய்கிறோம்.

தூசி அளவீடு வேலையைத் தாமதப்படுத்தக் கூடாது என்ற முடிவு சரி. ஆனால் மாற்றத்துக்கு முன் ஒரு நாளாவது அளந்து வைத்தால் இழப்பீட்டு விசாரணையில் அது சான்றாகும், விசிறி உண்மையிலேயே பயன் தருகிறதா என்றும் தெரியும். இனி முகாமோடு அளவீட்டையும் சேர்க்கிறோம்.

புள்ளிகள் நிறைந்த எக்ஸ்-ரே, கிருமி இல்லாத சளி: இந்த இரண்டும் சேர்ந்து வரும் ஒவ்வொருவரிடமும் காசநோய் மருந்துக்கு முன் வேலையைப் பற்றி விரிவாகக் கேட்க வேண்டும். என்ன பொருள், எந்த வேலை, எத்தனை ஆண்டு, அதற்கு முன் எங்கே என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். பழைய படங்களைத் தூக்கிப் போட வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொல்வதும் மருத்துவரின் வேலை.

இழப்பீடு முதலாளியின் சட்டைப்பையையே நம்பியிருப்பது சின்னப் பட்டறைகளுக்குப் பொருந்தாது. இவருடைய முதலாளி கட்டினார். முதல் பட்டறையின் 11 ஆண்டுக்குக் கேட்க ஆளே இல்லை. ராஜஸ்தான் 2019-இல் கொண்டுவந்த கொள்கையில், மருத்துவச் சான்று கிடைத்தால் அரசே உதவித்தொகை தருகிறது. முதலாளி யார் என்று நோயாளி நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கும் அது தேவை. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையில் 25 ஆண்டு உழைத்தவருக்கு, முதலாளி இல்லாமல் போனால், வேறு கதவு திறப்பது அரிது.

கடைசியாகப் பார்த்தபோது அவர் வண்ணம் தீட்டும் பகுதியிலேயே தொடர்ந்தார். மனைவியின் படத்தில் மாற்றமில்லை, ஆண்டுக்கொரு முறை எடுக்கிறோம். முகாமை மறுத்த பட்டறையிலிருந்து இரண்டு பேர் தாங்களாகவே வந்து எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டார்கள், ஒருவருக்கு 1/0, தொடக்க நிலை. அந்த முதலாளியிடம் பேச நாள் கேட்டிருக்கிறோம்.